பகிடியும் வதையும்

பகிடிவதை என்பது ஈழத் தமிழர் நாவிற் பயிலும் ஒரு தொடர். பகிடியென்பது நகைப்பு, வதையென்பது துன்புறுத்தல், கொல்லுதல். செய்பவனுக்கும் சூழ நின்று பார்ப்பவனுக்கும் பகிடியாயிருப்பது, படுபவனுக்கு வதையாகின்றது. இவ்விரு நிலைகளையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் மொழி, இக்கொடுமையின் இயல்பை நமக்கு முன்னரே உணர்த்திவிட்டது. எனினும் நாம் முற்பாதியை நினைவிற் கொண்டு பிற்பாதியை மறந்துவிடுகின்றோம்.

இத்தகைய விழா மலர்களிற் பழைய மாணவர் தம் இளமை நினைவுகளை எழுதுவது மரபு. விடுதிக்குப் புதிதாய் வந்தவன்மேல் நள்ளிரவில் நீர் ஊற்றியதும், தோழனொருவனுக்குச் சூட்டிய பட்டப்பெயர் வாழ்நாள் முழுதும் அவனோடு ஒட்டிக்கொண்டதும் அவற்றிற் சுவையாக இடம்பெறும். ஈற்றில், “நாமும் பட்டோம், நன்றாகத்தானே வளர்ந்தோம்” என்றொரு வாக்கியமும் வரும். ஒன்றை ஈண்டுச் சிந்தித்தல் வேண்டும். நன்றாக வளர்ந்தவரே மலருக்கு எழுதுகின்றனர். இடையிற் படிப்பைத் துறந்து சென்றவர் எழுதுவதில்லை. அவர் பக்கத்தையும் எவரேனும் எடுத்துரைத்தல் வேண்டுமன்றோ? இக்கல்லூரியின் பழைய மாணவராய், இன்று கல்முனைக் கரையிலே தமிழ் கற்பிக்கும் நாம் அதற்கு முற்படுகின்றோம்.

சிறுவர் சண்டை யாவும் கொடுமையல்ல. ஒத்த வலியுடைய இருவர் மோதிக்கொள்வதும், மறுநாள் கூடி விளையாடுவதும் இயல்பே. கொடுமைக்கு மூன்று அடையாளங்கள் உள என்றார், அதனை முறைப்பட ஆராய்ந்த உளவியலறிஞர் டான் ஒல்வேயஸ். அது வேண்டுமென்றே செய்யப்படும். திரும்பத் திரும்ப நிகழும். படுபவன் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவனாய் இருப்பான். வலிமையென்பது உடல்வலிமை மட்டுமன்று. வயது, ஆட்டொகை, செல்வம், குடும்பச் செல்வாக்கு, நாவன்மை ஆகிய யாவும் வலிமையே.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு என ஊரோடு ஊர் நெருங்கிக் கிடக்கும் இக்கரையிலே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மொழி பேசி வளர்கின்றனர். அம்மொழியாலேயே ஒருவரையொருவர் புண்படுத்தவும் அறிவர். தந்தை கடற்றொழில் செய்வதும், தறியில் நெய்வதும், வயலிற் கூலிக்கு உழைப்பதும் பட்டப்பெயர்களுக்கு வித்தாகின்றன. நிறம், உடற்பருமன், திக்குவாய், இனம் ஆகியனவும் அவ்வாறே. முன்னாளிற் பாடசாலை விட்டதும் அப்பெயர் சற்றே ஓய்ந்திருக்கும். இந்நாளிற் கைத்தொலைபேசி வழியே அது பிள்ளையின் படுக்கை வரை தொடர்ந்து செல்கின்றது.

எமது பிழையையும் மறைக்காது கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாடசாலையில் நாம் கற்பித்தபோது, எட்டாந் தரத்து மாணவனொருவன் விடியற்காலையில் தந்தையோடு கரைவலை இழுத்துவிட்டுத் தாமதித்து வருவான். ஒருநாள் அவன் வகுப்பினுள் நுழைய, ஒருவன் மூக்கைப் பொத்தினான். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்துவிட்டோம். அதன்பின் அவன் வருவது குறைந்தது. படிப்பில் ஆர்வமற்றவன் என எண்ணிக்கொண்டோம். மூன்று வாரங்களின் பின் வீடு தேடிச் சென்றபோது அவனுடைய உம்மா திகைத்தார். “ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் எண்டுதானே சேர் வெளிக்கிட்டுப் போறான்” என்றார். கரையில் ஏற்றி வைத்த தோணியின் நிழலில் அவன் பொழுதைக் கழித்திருக்கின்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். திரும்பி வந்தான், ஆயினும் அவ்வாண்டு முடியும்வரை வகுப்பில் வாய்விட்டு ஒரு வரியேனும் வாசித்தானில்லை. மூக்கைப் பொத்தியவனை அவன் மறந்திருக்கக்கூடும். ஆசிரியரின் சிரிப்பை மறந்தானல்லன்.

பாடசாலையிற் பொறுத்துக்கொள்ளப்படும் பகிடி, பல்கலைக்கழகத்தில் உயிர் கவரும் வதையாக முற்றுவதுண்டு. 1996 இல் தமிழ்நாட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவனொருவனாற் கொலையுண்டார். மறு ஆண்டில் நம் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ், பகிடிவதையின்போது கடும் உடற்பயிற்சிகளுக்கு உட்படுத்தப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் இன்றியமையாததே. ஆயினும் அது குற்றம் நிகழ்ந்த பின்னரே வந்து சேரும். முன்னரே அங்கு நிற்பவர் ஆசிரியரும் உடன் மாணவருமேயாவர்.

தடுத்தல் இயலாததன்று. நோர்வேயில் மூன்று சிறுவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதையடுத்து, 1983 இல் நாடளாவிய இயக்கமொன்று தோன்றியது. அப்போது ஒல்வேயஸ் பெர்கன் நகரின் 42 பாடசாலைகளில், ஏறத்தாழ 2,500 மாணவரிடையே தம் திட்டத்தை நடத்தினார். வகுப்பு விதிகள், இடைவேளை மேற்பார்வை, பெற்றோருடன் உரையாடல் என்னும் எளிய வழிகளாற் கொடுமை ஏறத்தாழ அரைப்பங்கு குறைந்ததாக அறிவித்தார். பின்லாந்தின் தூர்க்கூப் பல்கலைக்கழகத்தார் பின்னர் வகுத்த திட்டமோ, சூழ நிற்போரையே முதன்மையாகக் கருதுகின்றது. சிரிப்பவர் இல்லையேல் பகிடி இல்லை. பகிடி இல்லையேல் வதைக்கத் துணிபவரும் சிலரே.

பாடசாலையிற் செய்யத்தக்கன இவை. நீர்க்குழாய், மலசலகூடப் பின்புறம், சைக்கிள் நிறுத்துமிடம் ஆகியவற்றில் இடைவேளைதோறும் ஆசிரியர் ஒருவர் நிற்றல் வேண்டும். முறையிடும் பிள்ளையைத் தனியே இருத்தி, இடைமறியாது கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். “நீ என்ன செய்தாய்?” என்பது முதல் வினாவாதல் கூடாது. இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திக் கைகுலுக்கச் செய்வது, வலியவன் முன் எளியவனை மீண்டும் தலைகுனிய வைப்பதாகும். கொடுமை செய்தவனையும் தனியே அழைத்து, செயலைக் கண்டித்துத் திருத்தல் வேண்டும். பிரம்பெடுத்தால், வலியவன் அடிக்கலாம் என்னும் அதே பாடத்தையே நாமும் கற்பித்தவராவோம். இரு வீட்டாருக்கும் அறிவித்து, இரு வாரங்களின் பின் மீண்டும் விசாரித்தல் வேண்டும். பாடசாலையில் தீராதவிடத்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு.

பயிலும் மாணவர்காள்! அடுத்தவன் நகைக்கப்படும்போது நீவிர் அவனருகே சென்று நின்றாலே போதும். அவன் தனியனல்லன் என்பதைச் சூழ நிற்போர் உணர்வர். பழைய மாணவர்காள்! விழா விருந்தில் ஒருவரைப் பழைய பட்டப்பெயரால் விளிக்குமுன், அவர் முகத்தை ஒருமுறை நோக்குமின். அவர் சிரித்தால் அது பகிடி. சிரிக்க முயன்றால், இத்தனை ஆண்டுகளின் பின்னரேனும் அவரது சொந்தப் பெயரால் அழைமின்.