சுமாராத்தான் வந்திருக்கு

டிசம்பர் 24 மாலை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு எதிர்வீட்டு டீச்சரம்மா வருவார். கையில் எவர்சில்வர் தட்டு, அதன் மேல் பூத்தையல் போட்ட வெள்ளைத் துணி, துணிக்குக் கீழே எட்டுத் துண்டு கேக். தட்டை அம்மாவின் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்: "நடுவுல கொஞ்சம் அமுங்கிட்டு அக்கா. இந்தத் தடவை சுமாராத்தான் வந்திருக்கு."

பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் நாங்கள் இருந்த இருபது வருஷமும் அது சுமாராகத்தான் வந்தது. ஒரு முறை அமுங்கியது, ஒரு முறை அடி பிடித்தது, ஒரு முறை முந்திரி எல்லாம் கீழே இறங்கிவிட்டது. எங்களுக்கு ஒரு வருஷமும் வித்தியாசம் தெரிந்ததில்லை. டீச்சரம்மாவின் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கேள்விகள் இருப்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கேக் ஏன் நடுவில் அமுங்குகிறது? அமுங்கியது எங்களுக்குப் பெரிதாகத் தெரியும் என்று அவர் ஏன் நினைத்தார்? முதலாவதற்கு விடை அடுப்பில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை தேடி உகாண்டா காடு வரை போகவேண்டியிருக்கிறது.

அடுப்பிலிருந்து தொடங்கலாம். கேக்குக்கு உப்பலைத் தருவது பேக்கிங் பவுடர் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. பேக்கிங் பவுடர் கரியமில வாயுவை விடும். ஆனால் புதுக் குமிழி ஒன்றையும் அதனால் உண்டாக்க முடியாது. மாவில் ஏற்கெனவே இருக்கிற காற்றுக் குமிழிகளைத் தேடிப் போய் அவற்றை ஊதிப் பெரிதாக்க மட்டுமே அதற்குத் தெரியும். அந்த முதல் குமிழிகள் வெண்ணெயையும் சர்க்கரையையும் போட்டு அடிக்கிறோமே, அப்போது பிறக்கின்றன. சர்க்கரைப் படிகத்தின் கூரான விளிம்புகள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே இழுத்துச் செல்கின்றன. மஞ்சளாக இருந்த வெண்ணெய் அடிக்க அடிக்க வெளுப்பது அந்தக் காற்றால்தான். சர்க்கரையை மிக்சியில் ஒரேயடியாக மாவாக்கிவிட்டால் கூர் மழுங்கிவிடும், காற்றும் குறையும். டீச்சரம்மா வீட்டில் டிசம்பர் 20 வாக்கில் மரக்கரண்டிச் சத்தம் முக்கால் மணி நேரம் கேட்கும். கை மாற்றி மாற்றி அடிப்பார்கள். பிள்ளைகளை அடிக்கச் சொன்னால் அவர்கள் பாதியில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு சூடு. வெண்ணெய் உருகியதும் அதற்குள் சிறைப்பட்டிருந்த குமிழிகள் மாவுக் கூழுக்குள் விடுபடுகின்றன. முட்டையின் புரதங்கள் குமிழிகளைச் சுற்றித் தோல் போலப் போர்த்திக்கொள்கின்றன. உள்ளே நீராவி சேர, ஒவ்வொன்றும் பலூனாக வீங்குகிறது. வீங்கிய பலூன் அப்படியே நிற்கவேண்டுமானால் அதன் சுவர் கெட்டியாக வேண்டும். கோதுமை மாவின் ஸ்டார்ச் வெறும் தண்ணீரில் 60 டிகிரியைத் தாண்டினாலே கஞ்சியாகக் கெட்டிப்படத் தொடங்கிவிடும். கேக்கில் அப்படி நடந்தால் குமிழி வளரும் முன்பே சுவர் இறுகி, நமக்குக் கிடைப்பது களிக்கட்டி. இங்கேதான் சர்க்கரை தன் இரண்டாவது வேலையைச் செய்கிறது. தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஸ்டார்ச் கெட்டிப்படும் வெப்பநிலையை 80 டிகிரிக்கும் மேலே தள்ளிப்போடுகிறது. குமிழிக்கு வளர அவகாசம் கிடைக்கிறது. இனிப்புக்காக மட்டும் சர்க்கரை போடுகிறோம் என்று எண்ணி, 'ஆரோக்கியமாக' இருக்கட்டும் என்று பாதியைக் குறைத்தவர்களின் கேக் ஏன் செங்கல்லாக வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓரம் முதலில் வேகும், நடு கடைசியில். நடுப்பகுதியின் சுவர் இறுகும் முன் 'வெந்துட்டா பாப்போம்' என்று மூடியைத் திறந்தால், சூடு தணிந்து குமிழிகள் சுருங்க, தாங்க ஆளில்லாமல் நடு உட்கார்ந்துவிடுகிறது. டீச்சரம்மா வீட்டில் திறந்து பார்ப்பவர்கள் ஐந்து பேர்.

அவர் வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் மணல் பரப்பி, ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டு, மணல் மேல் கேக் தகரத்தை வைப்பார்கள். தமிழ்நாட்டு அடுக்களையின் அருமையான கண்டுபிடிப்புகளில் ஒன்று இது என்பேன். தண்ணீர் விட்டு விசில் போட்ட குக்கரில் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரியில் நின்றுவிடும். அதில் எதுவும் வேகுமே தவிர சிவக்காது. மேற்புறம் சிவந்து மணம் வருவதற்கு 140 டிகிரி அளவிலாவது உலர்ந்த சூடு வேண்டும். அப்போதுதான் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும் வினை வேகமெடுக்கிறது. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மயார் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். மணல் அந்த உலர்ந்த சூட்டைத் தருகிறது. தீயின் வேகத்தை வாங்கி மெதுவாக, சமமாக மேலே விடுகிறது. மேலிருந்து வெப்பம் போதாது என்பதால் குக்கர் கேக்கின் தலை மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும். நிறையச் செய்கிறவர்கள் தகரங்களைத் துணியில் கட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போவார்கள். ரொட்டி சுட்டு முடித்த போர்மா அடுப்பின் மிச்சச் சூட்டில் ஊர்க் கேக் எல்லாம் வெந்து வரும். இலங்கையில் அதையே போறணை என்பார்கள்.

இனி, அந்தக் கேக் பகிரப்படுவதற்கு வருகிறேன். கேக்கைக் கொஞ்சமாகச் செய்ய முடியாது. முட்டையைப் பாதியாக்குவது தொல்லை என்பது ஒரு பக்கம். சின்னக் கேக்குக்கு உடம்பைவிடத் தோல் அதிகம் என்பது மறு பக்கம். சீக்கிரம் காய்ந்துவிடும். ஆகவே அது பெரிதாகவே பிறக்கிறது. பெரிதாகப் பிறந்த பண்டம் ஒரு வீட்டுக்குள் தீராது. தீராத பண்டம் கெடாமலும் இருந்துவிட்டால், அதன் கால் தெருவில் இறங்கிவிடும்.

கெடாமல் இருப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பண்டத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது நுண்ணுயிர்களுக்குப் பொருட்டில்லை; எவ்வளவு தண்ணீர் கட்டுப்படாமல், எடுத்துக் குடிக்கக்கூடியதாக இருக்கிறது என்பதே பொருட்டு. சுத்தமான தண்ணீருக்கு 1 என்று வைத்துக்கொண்டு இதை அளக்கிறார்கள். சுமார் 0.91-க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகமாட்டா. 0.80-க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சைகளும் கைவிட்டுவிடும். உலர்திராட்சை, பேரீச்சை, இஞ்சி முரப்பா, கருக்கிய சர்க்கரை எல்லாம் சேர்ந்த பிளம் கேக் அந்த எல்லையின் விளிம்பில் நிற்கிறது. தண்ணீர் இருக்கிறது, அதனால் மெத்தென்றிருக்கிறது. அந்தத் தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது, அதனால் பூஞ்சைக்குக் கிடைப்பதில்லை. மாதக்கணக்கில் ஊறிய பழத்தோடு வரும் ரம்மும் கொஞ்சம் காவல் காக்கும். (டீச்சரம்மா வீட்டில் ரம் கிடையாது, திராட்சைச் சாறுதான். பக்கத்துத் தெரு கேக் ஏன் கூடுதல் மணமாக இருக்கிறது என்பது பற்றி அவர் பேசமாட்டார்.)

2017-இல் அண்டார்டிகாவின் அடேர் முனையில் உள்ள ஒரு பழைய குடிலின் பொருள்களைச் சீர்செய்தவர்கள், துருப்பிடித்த தகரப் பெட்டிக்குள் காகிதம் சுற்றிய பழக் கேக் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் நிறுவனம் செய்தது. 1910-இல் புறப்பட்ட ராபர்ட் ஸ்காட்டின் பயணக் குழு கொண்டுபோனதாக இருக்கும் என்று கருதுகிறார்கள். பெட்டி பாழாகியிருந்தது, கேக் பார்வைக்கும் மணத்துக்கும் ஏறக்குறையச் சாப்பிடலாம் போல இருந்ததாம். பனியின் உதவி அதில் பெரியதுதான். ஆனால் பனி எல்லாப் பண்டத்தையும் அப்படிக் காப்பாற்றியிருக்காது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நம் பண்டிகைப் பலகாரங்களைப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. முறுக்கிலும் சீடையிலும் தண்ணீர் எண்ணெய்ச் சட்டியிலேயே போய்விடுகிறது. அதிரசத்தில் வெல்லப் பாகு தண்ணீரைக் கட்டி வைக்கிறது. பிளம் கேக்கில் சர்க்கரை செய்யும் அதே வேலை. ரம்ஜானுக்கு வரும் பேரீச்சையைப் பாலைவன வெயிலே உலர்த்தி அனுப்பிவிடுகிறது. தெருவைத் தாண்டிப் போகும் பலகாரங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் தண்ணீரை அடக்கியவை. அடக்கத் தெரியாத வெண்பொங்கல் அன்றைக்கே அடுத்த வீட்டோடு நின்றுவிடுகிறது. அதிரசத்தையும் பிளம் கேக்கையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் அவை தூரத்து உறவு என்று தெரியும்.

பிளம் கேக் நம் பக்கம் வந்த கதையே ஒரு துண்டு பகிர்ந்ததில் தொடங்குகிறது. தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் பிஸ்கட் சுடக் கற்று வந்து, 1880-இல் ராயல் பிஸ்கட் ஃபாக்டரி தொடங்கினார். 1883-இல் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டக்காரரான பிரவுன் என்ற வெள்ளைக்காரர், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டைக் கொடுத்து, இதேபோலச் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பிராந்திக்குப் பதில் பாப்பு முந்திரிப் பழத்திலும் கதலி வாழையிலும் எடுத்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்துச் சுட்டார். பிரவுன் சாப்பிட்டுப் பார்த்து இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லிவருகிறார்கள்.

இலங்கையில் போர்த்துக்கீசியர் வழி வந்த லவ் கேக் இன்னும் அழகான பொறியியல். கோதுமை மாவுக்குப் பதில் ரவை. கூடவே நறுக்கிய கஜு, பாகில் ஊறிய நீற்றுப்பூசணி, தேன், பன்னீர், ஏலம், சாதிக்காய், ஏராளமாய் முட்டை மஞ்சள் கரு. தகரத்தைச் சுற்றியும் அடியிலும் பல மடிப்புக் காகிதம் விரித்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் சுடுவார்கள். காகித மடிப்புகளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுத்து, ஓரம் கருகாமல் பார்த்துக்கொள்கிறது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஈரக் குழைவு. பெயர்க்காரணத்துக்குப் பல கதைகள் உண்டு. எனக்குப் பிடித்தது, இத்தனை பாடுபட்டு ஒருவர் செய்யவேண்டுமென்றால் அன்பு இல்லாமல் முடியாது என்பது. அங்கே கல்யாணக் கேக்கையும் விரல் நீளத் துண்டுகளாக வெட்டித் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு வரமுடியாதவர்களின் பங்கும் யாரோ ஒருவர் பைக்குள் பயணம் போகும்.

சரி, இரண்டாவது கேள்விக்காக உகாண்டா. அங்கே புடோங்கோ காட்டில் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்து, அவற்றின் சிறுநீரைச் சேகரித்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை அளந்தார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே ஒட்டுதலை வளர்க்கும் ஹார்மோன் அது. 2014-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒன்றுக்கொன்று பேன் பார்த்த பிறகு இருந்ததைவிட, உணவைப் பகிர்ந்துகொண்ட பிறகு அந்த ஹார்மோன் கூடுதலாக இருந்தது. கொடுத்த சிம்பன்சிக்கும் கூடியிருந்தது, வாங்கியதற்கும் கூடியிருந்தது. சொந்தமா அந்நியமா என்பதும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. கனடாவில் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளிடம் பிஸ்கட் கொடுத்துப் பார்த்த 2012 ஆய்வு ஒன்றும் இருக்கிறது. தமக்குக் கிடைத்தபோது இருந்ததைவிட, ஒரு பொம்மைக்குக் கொடுக்கும்போது குழந்தைகளின் முகம் அதிகம் மலர்ந்தது. எங்கிருந்தோ வந்த பிஸ்கட்டைக் கொடுத்தபோதைவிட, தம் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகமாக மலர்ந்தது.

அந்த இரண்டாவது கேள்விக்கு நேரான விடை சிகாகோ பூங்கா ஒன்றில் கிடைத்தது. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு உளவியலர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு. அதில் பண்டம் கப்கேக். ஒரு சாராருக்கு ஆய்வில் கலந்துகொண்டதற்கான சம்பாவனையாகக் கேக் தரப்பட்டது. இன்னொரு சாராருக்கு, பூங்காவுக்கு வந்த யாரோ ஒருவர் தானாக முன்வந்து கொடுத்தார். இரண்டும் ஒரே கேக். வாங்கியவருக்கு எவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று கொடுத்தவர்களிடம் கேட்டபோது, கேக்கின் மதிப்பை மட்டுமே கணக்கிட்டார்கள்; எப்படி வந்தாலும் கேக் கேக்தானே என்கிற மாதிரி. வாங்கியவர்களோ, மனிதக் கையிலிருந்து வந்த கேக்குக்கு அதைவிட நிறைய மகிழ்ந்திருந்தார்கள். கொடுப்பவரின் கண் பண்டத்தின் மேலேயே இருக்கிறது. வாங்குபவர், வந்து நிற்கும் ஆளைப் பார்க்கிறார். இருபது வருஷமும் டீச்சரம்மா கேக்கின் நடுப்பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவர் நெற்றி வியர்வையையும், சேலை முந்தியில் ஒட்டியிருந்த மாவையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒரு தப்பு நாங்களும் செய்தோம். மிச்சத் துண்டுகளை ஃபிரிட்ஜில் வைத்தோம். பனிக்கட்டி உறையும் நிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் வெந்த ஸ்டார்ச் மீண்டும் வேகமாகப் படிகமாகி இறுகும். கேக் வறட்டென்று ஆகும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வைத்திருந்தால் பழத்தின் ஈரம் மெல்ல மாவுக்குள் பரவி, புத்தாண்டுக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதைச் சொன்னவரும் டீச்சரம்மாதான், ஆறேழு கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு.

வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கரண்டி சர்க்கரையாவது வைத்து அனுப்புவாள். டீச்சரம்மாவின் எவர்சில்வர் தட்டு அதனால் எந்த வீட்டுத் தட்டு என்றே தெரியாமல் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு தீபாவளிக்கு அதில் அதிரசம் அடுக்கி என்னிடம் கொடுத்தாள். தெருவைக் கடந்து படியேறினேன். டீச்சரம்மா கதவைத் திறந்தார். அம்மா எதுவும் சொல்லி அனுப்பவில்லை. ஆனாலும் தட்டை நீட்டியவுடன் என் வாயிலிருந்து வந்தது:

"பாகு கொஞ்சம் முத்திப்போச்சு டீச்சர். சுமாராத்தான் வந்திருக்கு."