கையா, பேட்டா? ஒரு கீப்பரை எடை போடுவது எப்படி

ஒரு சின்ன கேள்வி. நீங்கதான் காலேஜ் டீம் கேப்டன். ஸோனல் மேட்ச் வருது. கீப்பர் இடத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தன் ஃபர்ஸ்ட் இயர். மூணாவது பந்துலயே மிட்விக்கெட் மேல தூக்கி அடிக்கிற தைரியம் இருக்கு. ஆனா கிளவுஸ் போட்டா பந்து காலுக்கு நடுவுல போகும், கேட்ச் கையில பட்டுத் தெறிக்கும். இன்னொருத்தன் ஃபைனல் இயர். கை சுத்தம். ஆனா பேட் பிடிச்சா இருபதைத் தாண்டுறதே பெரிய விஷயம். லெவன்ல ஒருத்தருக்குத்தான் இடம். யாரை எடுப்பீங்க?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஃபைனல் இயர் கீப்பர் நான்தான். அதனால இந்தக் கட்டுரை கொஞ்சம் என் பக்கம் சாய வாய்ப்பு இருக்கு. அதுக்காகவே எல்லாத்தையும் கணக்காகவே எழுதியிருக்கேன். தப்பு இருந்தா நீங்களே பிடிச்சிடலாம்.

சுவர்தான் நம்ம முதல் கீப்பர்

இந்தக் கேள்வியை யார்கிட்ட கேட்டாலும் முக்கால்வாசி பேர் யோசிக்காம "ரன் அடிக்கிறவனை எடு" என்றுதான் சொல்றாங்க. அதுக்குக் காரணம் நாம கிரிக்கெட் கத்துக்கிட்ட விதம்.

செங்கல்பட்டுல தெருவுல ஆடினவங்களுக்குத் தெரியும். சுவர்ல கரிக்கட்டையால மூணு கோடு, அதுதான் ஸ்டம்ப். அப்போ கீப்பர் யாரு? சுவர்தான். ஆள் குறைவா இருந்தா ரெண்டு டீமுக்கும் சேர்த்து ஒரு காமன் கீப்பர். அதுவும் பெரும்பாலும் வயசுல சின்னப் பையன். பை ரன் கிடையாதுன்னு ஆரம்பத்துலயே ரூல் போட்டுடுவோம். மாமல்லபுரம் பீச்சுல ஞாயித்துக்கிழமை காலையில டென்னிஸ் பால் ஆடுற கூட்டத்தைப் பாருங்க. தண்ணி உள்வாங்கின ஈர மணல்ல பிட்ச். பந்து அலை வரைக்கும் போகாம தடுக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான் அங்கே கீப்பர் வேலை.

அதாவது, கீப்பர் செய்யிற வேலையில பாதியை நம்ம ரூல்ஸே எடுத்துடுது. அதே கண்ணோட நாம காலேஜ் மேட்ச்சுக்கு வர்றோம்.

ஸ்கோர்புக் எழுதாத கணக்கு

இன்னொரு காரணமும் இருக்கு. ஸ்கோர்புக்கை எடுத்துப் பாருங்க. பேட்ஸ்மேன் அடிச்ச ஒவ்வொரு ரன்னும் இருக்கும். பை ரன்னுக்கும் ஒரு இடம் இருக்கும். விட்ட கேட்ச்சுக்கு, தவறவிட்ட ஸ்டம்பிங்குக்கு? கட்டமே கிடையாது. அதனால கீப்பரைத் திட்டணும்னா எல்லாரும் பை ரன்னைக் காட்டித்தான் திட்டுவாங்க. உண்மையில பை ரன் மலிவானது, பந்துக்கு ஒண்ணோ நாலோ போகும். விலை அதிகம் விட்ட வாய்ப்புக்குத்தான்.

ஒரு கணக்கு போடலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

பேட் கீப்பரோட சராசரி 35, கை கீப்பரோடது 18. ஒரு இன்னிங்ஸுக்கு வித்தியாசம் 17 ரன். ஆனா பேட் கீப்பரை ஆறாவதா இறக்குறோம்னு வைங்க. 20 ஓவர் மேட்ச்சுல ஆறாவது ஆளுக்குப் பத்து மேட்ச்சுல ஆறுலதான் ஒழுங்கா பேட்டிங் கிடைக்கும். அப்போ மேட்ச்சுக்குக் கிடைக்கிற லாபம் சுமார் 10 ரன்.

இப்போ நஷ்டம். ஒரு கேட்ச்சை விட்டா அந்த பேட்ஸ்மேன் அதுக்கப்புறம் சராசரியா 25 ரன் கூடுதலா அடிப்பான்னு வைத்துக்கொள்வோம். கை கீப்பரைவிட இவன் ரெண்டு மேட்ச்சுக்கு ஒரு வாய்ப்பு அதிகமா விட்டா, மேட்ச்சுக்கு 12.5 ரன். பை ரன் ஒரு 3. மொத்தம் 15.5. லாபம் 10, நஷ்டம் 15.5. கை கீப்பர்தான் சரி.

நாலு மேட்ச்சுக்கு ஒண்ணுதான் விடுறான்னா? 6.25 கூட்டல் 3, கிட்டத்தட்ட 9. இப்போ ரெண்டு பேரும் சமம்.

அதே பையனை ஆறாவதா இல்லாம மூணாவதா இறக்கினா? ஒவ்வொரு மேட்ச்சுலயும் பேட்டிங் கிடைக்கும். லாபம் முழு 17. ரெண்டு மேட்ச்சுக்கு ஒண்ணு விட்டாலும் அவன்தான் முன்னாடி.

இதுல இருந்து தெரியிறது இதுதான். "நல்ல பேட்ஸ்மேன்" என்பது மட்டும் பதில் இல்லை. மேட்ச்சுக்கு எத்தனை வாய்ப்பு கூடுதலா விடுறான், அவனுக்கு எத்தனை தடவை பேட்டிங் கிடைக்குது, இந்த ரெண்டு எண்ணும் தெரியாம முடிவு எடுக்கவே முடியாது. பேட்டுக்காக ஒருத்தனை எடுத்துட்டு அவனை ஆறாவதா உட்கார வைக்கிற கேப்டன், விலை கொடுத்து வாங்கின பொருளைக் கடையிலேயே விட்டுட்டு வர்றார்.

சிட்னி, ஜனவரி 2021

இந்தக் கணக்கு ஒரே மேட்ச்சில் முழுசா நடந்த இடம் சிட்னி. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட். இந்திய கீப்பர் ரிஷப் பண்ட். முதல் இன்னிங்ஸில் அறிமுக வீரர் வில் புகோவ்ஸ்கி 26 ரன்னில் இருந்தபோது ஒரு கேட்ச்சை விட்டார். 32-ல் இன்னொன்று. புகோவ்ஸ்கி 62 அடித்தார். முதல் தவறிலிருந்து எண்ணினால் விலை 36 ரன். அதே டெஸ்டில் பண்ட் தன் முதல் இன்னிங்ஸில் அடித்ததும் சரியாக 36. இதுவரை வரவும் செலவும் சமம்.

அந்த இன்னிங்ஸில் பேட்டிங் செய்யும்போது கம்மின்ஸ் பந்து பண்டின் முழங்கையில் பட்டது. 2017-ல் வந்த புது விதிப்படி, நடுவர் சம்மதித்தால் சப்ஸ்டிட்யூட்டும் கீப்பிங் செய்யலாம். அதனால் ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் விருத்திமான் சாஹா கிளவுஸ் போட்டார். அதே புகோவ்ஸ்கியை 10 ரன்னில் பிடித்தார். லபுஷேன் லெக் சைடில் தட்டிவிட்ட பந்தைப் பாய்ந்து பிடித்தார். கை கீப்பர் என்றால் என்ன என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

கடைசி நாள், இலக்கு 407. விஹாரிக்கு முன்னால் பண்டை ஐந்தாவதாக இறக்கினார்கள். 118 பந்தில் 97. அவர் நின்றவரை ஜெயிக்கும் நினைப்புகூட இருந்தது. அதன்பின் விஹாரியும் நம்ம அஸ்வினும் மணிக்கணக்காகத் தடுத்து ஆடி டிரா செய்தார்கள். அடுத்து பிரிஸ்பேனில் பண்ட் 89 நாட் அவுட், இந்தியா 328-ஐத் துரத்தி ஜெயித்தது.

கவனிங்க. சிட்னியில் இந்தியாவுக்கு சாஹாவின் கையும் பண்டின் பேட்டும் ஒரே மேட்ச்சில் கிடைத்தது, ஒரு காயத்தால். நமக்கு அந்த அதிர்ஷ்டம் எப்பவும் இருக்காது. நாம தேர்ந்தெடுத்தே ஆகணும்.

எந்தத் தப்பு திருந்தும்?

சின்ன வயசு கீப்பரை எடை போடும்போது எத்தனை விட்டான் என்பதோட, ஏன் விட்டான் என்பதையும் பார்க்கணும்.

முதல் வகை, சீக்கிரம் எழுந்துக்கிறது. ஸ்பின்னருக்கு ஸ்டம்ப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது, பந்து பிட்ச் ஆகும் வரைக்கும் கீழேயே இருக்கணும். பந்து எழும்போது கூடவே எழணும். முன்னாடியே எழுந்துட்டா தாழ்வா வர்ற பந்து கைக்குக் கீழே போயிடும். இது பழக்கம்தான். சில மாசத்துல மாறும்.

ரெண்டாவது, முரட்டுக் கை. பந்தைப் பிடிக்கப் பாய்றது, விரலைப் பந்துக்கு நேரா நீட்டுறது. விரல் கீழ்நோக்கி இருக்கணும், பந்து வந்ததும் கை கொஞ்சம் பின்வாங்கணும். டென்னிஸ் பாலைச் சுவர்ல எறிஞ்சு தினமும் பிடிச்சாலே நல்ல முன்னேற்றம் தெரியும்.

மூணாவது, லெக் சைடு. பேட்ஸ்மேன் உடம்பு பந்தை மறைச்சுடும். கண்ணை நம்பாம பந்தோட பாதையை ஊகிச்சு காலை நகர்த்தணும். இதுக்கு ஆயிரக்கணக்கான பந்து பிடிச்ச அனுபவம் வேணும். மெதுவாத்தான் வரும்.

நாலாவது, கவனம் சிதறுறது. 20 ஓவர்னா 120 தடவை உட்கார்ந்து எழணும். டெஸ்ட்டுல ஒரு நாளைக்கு 540. தொடை வலிக்க ஆரம்பிச்சா கண்ணும் தளர்ந்துடும். இது உடற்பயிற்சி சமாச்சாரம்.

பண்ட் இதுக்கும் உதாரணம். 2018 ஆகஸ்டில் இங்கிலாந்தில் அறிமுகமானபோது வயது 20. அந்தத் தொடரில் பை ரன் தாராளமாகப் போனது. அதே தொடரின் கடைசி டெஸ்டில், ஓவலில் 114 அடித்தார். இங்கிலாந்தில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்திய கீப்பர் அவர்தான். டிசம்பரில் அடிலெய்டில் ஒரே டெஸ்டில் 11 கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். ஆனால் அடிலெய்டில் வேகப்பந்துக்குப் பின்வாங்கி நிற்பது வேறு, நம்ம ஊரில் ஸ்பின்னுக்கு முன்னே நிற்பது வேறு. 2019 அக்டோபரில் தென்னாப்பிரிக்கா இங்கே வந்தபோது சாஹாவைத்தான் எடுத்தார்கள். பண்ட் மீதான அந்தச் சந்தேகம் பெரிய அளவில் குறைந்தது சேப்பாக்கத்தில். 2021 பிப்ரவரி, இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட், முதல் நாளிலிருந்தே திரும்பிய பிட்ச். அஸ்வின் பந்தில் லாரன்ஸை ஸ்டம்பிங் செய்தார், ஆலி போப்பை லெக் சைடில் பாய்ந்து பிடித்தார். பேட்டிங்கில் 58 நாட் அவுட்.

ரன் வராத நாள் என்ன செய்வீங்க?

பேஸ்பாலில் கீப்பருக்குச் சமமானவர் கேட்சர். அங்கேயும் இதே சண்டைதான். நியூயார்க் யாங்கீஸ் அணியின் கேரி சான்செஸ் 2017-ல் 33 ஹோம் ரன் அடித்தார். பந்தை நழுவவிடுவதில் அப்போதே பேர் வாங்கியிருந்தார். 2018-ல் அவருடைய பேட்டிங் சராசரி .186-க்கு விழுந்தது. பந்து நழுவுவது மட்டும் நிற்கவில்லை. பேட்டுக்காக எடுத்தவரிடம் பேட் தூங்கிவிட்டால், கையில் இருக்கும் குறை மட்டும்தான் மிச்சம்.

இன்னொரு பக்கம் ஹோசே மோலினா. அடிப்பதில் ரொம்ப சாதாரணம். ஆனால் ஸ்ட்ரைக் எல்லைக்கு ஓரமாக வரும் பந்தை ஆடாமல் அசையாமல் வாங்கி, நடுவரை ஸ்ட்ரைக் என்று சொல்ல வைப்பதில் கில்லாடி. ஒவ்வொரு பந்தையும் கேமரா அளக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தத் திறமைக்கு எத்தனை ரன் மதிப்பு என்று எண்ண முடிந்தது. 2012-க்கு டாம்பா பே ரேஸ் அணி அவரைத் தேடி எடுத்தது. எழுதி வைக்காத திறமைக்கு மதிப்பு கிடைக்காது. எழுத ஆரம்பிச்சா கிடைக்கும்.

கார்த்திக் கதை

இந்தத் தராசில் மூன்று முறை நின்றவர் சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக். 2004-ல் பார்த்திவ் படேலின் கீப்பிங் தவறுகளால் அவருக்கு டெஸ்ட் இடம் கிடைத்தது. அப்போது கை ஜெயித்தது. 2005 டிசம்பரில் சொந்த ஊரான சேப்பாக்கத்தில் அந்த இடம் தோனிக்குப் போனது. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் தோனி ஜெய்ப்பூரில் 183 நாட் அவுட் அடித்திருந்தார். அப்போது பேட் ஜெயித்தது. 2018-ல் இங்கிலாந்தில் நாலு இன்னிங்ஸில் 21 ரன், இடம் பண்டுக்குப் போனது.

ஆனா நடுவுல 2007-ஐ மறந்துடாதீங்க. கீப்பிங் இல்லாமல் ஓப்பனராக இறங்கி, இங்கிலாந்தில் ஜெயித்த டெஸ்ட் தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன், 263, அடித்தவர் கார்த்திக்தான். கிளவுஸ் போனா ஆட்டமே போச்சுன்னு அர்த்தம் இல்லை.

சரி, நம்ம முடிவு

நாலு கேள்வி கேளுங்க. மேட்ச்சுக்கு எத்தனை வாய்ப்பு கூடுதலா விடுறான்? அது எந்த வகைத் தப்பு? நம்ம பவுலிங்ல ஸ்பின் அதிகமா, வேகம் அதிகமா? அவனுக்கு எத்தனாவது இடத்துல பேட்டிங் கொடுக்கப் போறோம்? ஸ்கோர்புக்கோட கடைசிப் பக்கத்துல விட்ட வாய்ப்புக்கு ஒரு கட்டம் போட்டு யாராவது எழுதணும்.

நான் எழுதினேன். பிராக்டிஸ் மேட்ச்கள்ல அந்தப் பையனைக் கீப்பிங் நிக்க வச்சுட்டு நான் ஸ்லிப்ல நின்னேன். அவன் விட்டது எல்லாமே நம்ம ஆஃப் ஸ்பின்னருக்கு, எல்லாமே சீக்கிரம் எழுந்ததால. வேகப்பந்துக்கு ஒண்ணுகூட விடல. அதாவது, முதல் வகை. திருந்துற வகை.

மனசு என்னமோ வேற பதிலைத்தான் எதிர்பார்த்துச்சு. நாலு வருஷம் அந்த கிளவுஸைப் போட்டிருக்கேன். ஆனா கணக்கு இப்படித்தான் வருது. கேப்டன்கிட்ட சொல்லிட்டேன்: அவனை எடு, மூணாவதா இறக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நெட்ஸ்ல நான் அவனுக்குத் தாழ்வா பந்து போட்டுக்கிட்டிருக்கேன், எழுந்துக்காதடான்னு கத்திக்கிட்டே.

அவனை ஆறாவதா இறக்கினா மட்டும் கிளவுஸைத் திருப்பிக் கேட்பேன். மேலே இருக்கிற கணக்குப்படி அது என் உரிமை.