உயிர் வராத ஹெட்போன்

வயரில்லா ஹெட்போனின் பவர் பட்டன், சுவரிலுள்ள விளக்கு ஸ்விட்ச் போல மின்சாரத்தை நேரடியாகச் சேர்ப்பதும் இல்லை, துண்டிப்பதும் இல்லை. 'ஆஃப்' நிலையிலும் பேட்டரியிலிருந்து மிகச் சிறிய அளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் விழித்திருக்கும் மின்மேலாண்மை சிப், பட்டன் அழுத்தப்பட்டதை உணர்ந்து மற்றப் பகுதிகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். பிறகு புளூடூத் சிப் முதலில் ஒரு சிறிய தொடக்க நிரலையும் அடுத்து முழு மென்பொருளையும் ஏற்றிக்கொள்ளும். நீல விளக்கும் 'பவர் ஆன்' என்ற குரலும் கடைசியாகத்தான் வரும். இந்த வரிசையில் எங்கே தடைபட்டாலும் வெளியே தெரிவது ஒன்றே: பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. ஆகவே பழுதைத் தேடுவதும் இதே வரிசையில் நடந்தால்தான் பலன் கிடைக்கும்.

முதலில் பேட்டரி. ஹெட்போனில் இருப்பது லித்தியம் வகை செல். முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும் இது 3 வோல்ட் அளவுக்கு இறங்கினால் ஏறக்குறைய காலி. அதற்கும் கீழே, 2.5 முதல் 3 வோல்ட்டுக்குள் ஏதோ ஓரிடத்தில், செல்லோடு இணைந்த காவல் சுற்று மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிடும். மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்த ஹெட்போன் இந்த நிலைக்கு எளிதாக வந்துவிடும். அப்போது சார்ஜரைச் செருகினாலும் முழு மின்னோட்டம் உடனே பாயாது. வழக்கமான அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டும் அனுப்பி, செல் தேறி வருகிறதா என்று சார்ஜிங் சிப் பார்க்கும். இந்த நேரத்தில் சில மாடல்களில் விளக்குகூட எரியாது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'போச்சு' என்று முடிவு கட்டுவது அவசரம். ஒரு மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். நெடுநாள் மிகத் தாழ்ந்த வோல்ட்டில் கிடந்த செல் என்றால் நிலைமை வேறு. உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கி, பின்னர் உட்புறக் குறுக்குச்சுற்று ஏற்படும் ஆபத்து உண்டு. அதனால் சார்ஜ் ஏற்ற சிப்பே மறுத்துவிடும். அது பழுதல்ல, பாதுகாப்பு.

அடுத்தது கேபிள். நல்ல ஹெட்போன்கள் பழுது என்று கடைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். டைப்-சி முனை இரண்டு பக்கமும் உள்ள கேபிளில், எதிர்முனையில் ஒரு சாதனம் இருப்பது உறுதியாகும்வரை சார்ஜர் மின்சாரமே தராது. அந்த உறுதியைத் தருபவை சாதனத்துக்குள் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடைகள். விலை குறைந்த ஹெட்போன்கள் சிலவற்றில் இந்த மின்தடைகளைப் பொருத்தாமலே விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவை புதிய டைப்-சி சார்ஜரில் செத்ததுபோல் கிடக்கும். ஒரு முனை பழைய தட்டை யுஎஸ்பியாக உள்ள கேபிளில், சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் போட்டால் உயிர் பெறும், ஏனென்றால் பழைய துளையில் மின்சாரம் எப்போதும் இருக்கும். சிறிய கம்பெனிகள் மட்டும்தான் இதில் சறுக்கும் என்றில்லை. 2019இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 கணினிப் பலகையின் முதல் பதிப்பில், இரண்டு மின்தடைகளுக்குப் பதில் ஒன்றையே பொதுவாக வைத்திருந்தார்கள். சிப் பதித்த சில உயர்ரகக் கேபிள்களில் அந்தப் பலகை, ஆடியோ இணைப்பான் என்று தவறாக அடையாளம் காணப்பட்டு, மின்சாரம் கிடைக்காமல் நின்றது. ஆகவே, அதே கேபிளில் போன் சார்ஜ் ஆகிறது என்பதை வைத்து ஹெட்போன் பழுது என்று முடிவு கட்ட முடியாது.

வெப்பநிலையும் ஒரு காரணம். ஏறக்குறைய 0 டிகிரிக்குக் கீழும் 45 டிகிரி செல்சியஸுக்கு மேலும் லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏற்றுவதைச் சுற்று தடுத்துவிடும். வெயிலில் நின்ற காருக்குள் இருந்து எடுத்த ஹெட்போன் ஆறிய பிறகே சார்ஜ் ஆகும். இயர்பட்ஸில் கேஸுக்குள் இருக்கும் பொன்னிறச் சார்ஜிங் முனைகளையும் பார்க்க வேண்டும். வியர்வை உப்பும் காது மெழுகும் படிந்தால், பட் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தும் தொடர்பு இருக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, உலர விட்டால் போதும். சார்ஜ் ஏறும்போது ஆன் ஆகாதபடியே வடிவமைக்கப்பட்ட மாடல்களும் இருப்பதால், கேபிளைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்க்கலாம்.

மின்சாரம் இருந்தும் அசைவில்லை என்றால் மென்பொருள் உறைந்திருக்கலாம். பட்டனைப் பத்து முதல் முப்பது விநாடி வரை விடாமல் அழுத்தினால், பல மாடல்களில் மின்மேலாண்மை சிப் மென்பொருளைக் கேட்காமலே மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் தரும். இன்னும் சிலவற்றில் இரண்டு பட்டன்களைச் சேர்த்தோ, சார்ஜர் செருகிய நிலையிலோ அழுத்த வேண்டும். கையேட்டில் முறை இருக்கும். இணைத்த போன்களின் பட்டியலையும் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' இதிலிருந்து வேறு. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அப்டேட் ஆகாத ஹெட்போன் தனிக் கதை. புதிய மென்பொருளை இணையத்திலிருந்து இறக்குவது போன். அதற்குச் சில விநாடிகள் போதும். அதை புளூடூத் வழியே சிறு சிறு துண்டுகளாக ஹெட்போனுக்கு அனுப்புவதுதான் தாமதம். அங்கே ஃபிளாஷ் நினைவகத்தைக் கட்டம் கட்டமாக அழித்து எழுத வேண்டியிருப்பதால், அரைமணி நேரம்கூட ஆகலாம். இடையில் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே, குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் சார்ஜ் இருந்தால் போனிலுள்ள ஹெட்போன் செயலி அப்டேட்டைத் தொடங்காது. ஹெட்போன் ஒரே நேரத்தில் லேப்டாப்போடும் இணைந்திருப்பது, போனின் பேட்டரி சேமிப்பு வசதி செயலியைப் பின்னணியில் நிறுத்திவிடுவது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையின் நெரிசல் ஆகியவை வழக்கமான தடைகள். ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதியும் வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகளில் இருப்பிட அனுமதி இல்லாவிட்டால் புளூடூத் தேடலே நடக்காது. ஏர்பாட்ஸில் அப்டேட் பொதுவாகத் தானாகவே நடக்கும்: கேஸில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, வைஃபையில் உள்ள ஐபோன் அருகில் இருக்க வேண்டும்.

செயலியில் கோடு முழுவதும் நிரம்பியதும் வேலை முடிந்ததாக நினைத்து அவசரப்படுவோர் உண்டு. வந்து சேர்ந்த மென்பொருளில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் சரியா என்று ஹெட்போன் சோதிப்பதும், அணைந்து புதிதாக எழுவதும் அதன் பிறகுதான். விளக்கு அணைந்த அந்த இடைவெளியில் பட்டனைத் தொடவே கூடாது. கவனமாக வடிவமைத்த மாடல்களில் பழைய மென்பொருளை அழிக்காமல் புதியதை வேறோர் இடத்தில் எழுதி, சோதனையில் தேறினால் மட்டும் மாற்றிக்கொள்வார்கள். அவற்றில் அப்டேட் பாதியில் அறுந்தாலும் பழையதே தொடரும். நினைவகத்தை மிச்சம் பிடித்து, பழையதன் மேலேயே எழுதும் மாடல்களில் அறுந்தால், தொடக்க நிரல் மட்டுமே மிஞ்சும். சர்வீஸ் சென்டரில் கேபிள் வழியாக மென்பொருளை மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் எழாவிட்டால் செல்லின் ஆயுள் முடிந்திருக்கலாம். உறை பிதுங்கியோ இயர்கப் மூடி விலகியோ தெரிந்தால் மேற்கொண்டு சார்ஜில் போடக் கூடாது, செல் உப்பியிருக்கக்கூடும். தலைக்கு மேல் அணியும் ஹெட்போன்களில் செல்லை மாற்றுவது பெரும்பாலும் முடிகிற காரியம். பசையிட்டு மூடிய இயர்பட்ஸில் உறையை உடைக்காமல் அது அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கப்படும் பெரும்பாலான கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும்.