தேநீரில் வேகும் இரும்பு

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பில் தங்கமும் வெள்ளியும் பதிக்கும் வேலையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தக் கலையை ஜப்பானியர் ஸோகன் என்பார்கள். கியோத்தோவும் குமமோத்தோவும் அதற்குப் பேர்போன ஊர்கள். பார்க்கிறவர் கண் தங்கத்தில்தான் போய் நிற்கும். என்னைக் கேட்டால், பாடெல்லாம் இரும்போடுதான்.

பசை இல்லை, பற்றவைப்பும் இல்லை. தங்கம் எப்படிப் பிடித்து நிற்கிறது? நுனோமே என்ற முறையில், கூரிய உளியால் இரும்பின் மேல் மயிரிழை போன்ற கோடுகளை வெட்டுவார்கள். நெடுக்கில், குறுக்கில், பிறகு இரண்டு மூலைவாட்டிலும். ஒவ்வொரு வெட்டிலும் இரும்பு சிறு பல்லாக எழும்பும்; தொட்டால் அரம் மாதிரி சொரசொரக்கும். வேண்டிய வடிவில் நறுக்கிய தங்கத் தகட்டை அதன்மேல் வைத்துத் தட்டினால், மிருதுவான தங்கம் பல்லிடுக்குகளில் இறங்கிக் கவ்விக்கொள்ளும். மிச்சமிருக்கும் கோடுகளைத் தேய்த்து மழுக்கிவிடுவார்கள்.

அடுத்து, நாம் விரட்டியடிக்கும் துருவை அவர்கள் வருந்தி அழைப்பார்கள். துருவேற்றும் கரைசலைத் திரும்பத் திரும்பப் பூச, இரும்பு முழுக்கச் செம்பழுப்பாகும். தங்கத்தைத் துரு தொடாது. பிறகு பொருளைத் தேயிலை நீரில் கொதிக்கவிடுவார்கள். தேயிலையின் டானின் துருவோடு சேர்ந்து கருமையாகப் படியும். துரு மேலும் வளராமல் அடங்கும். அந்தக் கருமை இல்லாவிட்டால் தங்கம் இவ்வளவு எடுத்துக் காட்டாது. கியோத்தோவில் இதற்குமேல் அரக்குப் பூசிச் சூடேற்றி, தங்கம் தெரியும்வரை கரியால் தேய்ப்பதும் உண்டு.

அடக்காத துரு என்ன செய்யும் என்பதற்கு சைத்தாமாவின் இனாரியாமா வாள் சாட்சி. 1968இல் பழைய மேட்டுக் கல்லறையிலிருந்து எடுத்தபோது வெறும் துருப்பிடித்த இரும்பு. 1978இல் எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே தங்கத்தில் பதித்த 115 எழுத்துகள்!

பிற்காலத்தில் இந்தக் கைவினை வாளின் கைக்காப்புத் தகடான ட்சுபாவை நம்பியே வளர்ந்தது. 1876இல் பொது இடங்களில் வாள் தரிக்க அரசு தடை போட்டது. பட்டறைகளின் பிழைப்பில் மண் விழுந்தது. கியோத்தோவின் கொமாய் குடும்பம் போன்றவர்கள் பெட்டி, பூச்சாடி, சிகரெட் கூடு என்று வெளிநாட்டாருக்குச் செய்யத் தொடங்கினார்கள். விரலளவு இடமும் விடாமல் கோயில், மலை, மூங்கில் என்று பொன்னை நிரப்பியிருப்பார்கள். கைத்திறனைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பாதிக்குமேல் வெற்று இரும்பாக விட்டு, ஓரத்தில் ஒரு கொடியை மட்டும் ஓடவிட்ட குமமோத்தோ ட்சுபாக்களைத்தான் நான் தேடிப் பார்ப்பேன்.