சைலண்ட்வாலி: வாத்தியார்கள் போட்ட கணக்கில் நின்றுபோன அணை

பாலக்காடு மாவட்டத்தில் கட்டப்படாத அணை ஒன்று உண்டு. கட்டியிருந்தால் அதன் உயரம் சுமார் 130 மீட்டர். இடம் பார்த்தாயிற்று. எஸ்டிமேட் போட்டாயிற்று. 1973-ம் ஆண்டில் திட்டக் கமிஷனும் சம்மதம் கொடுத்துவிட்டது. ஆனாலும் அணை எழும்பவில்லை.

காரணம் பல. அவற்றில் முக்கியமானது, கல்லூரியிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த சில பேர் உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கு. தாவரவியல் தெரிந்தவர், மின்சாரம் தெரிந்தவர், விவசாயம் தெரிந்தவர், பொருளாதாரம் தெரிந்தவர் எல்லோரும் ஒரே மேஜையில் கூடிப் போட்ட கணக்கு அது. இன்று பல்கலைக்கழகங்களில் பல துறைகள் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பெரிதாகப் பேசுகிறார்கள். 1979-லேயே அதைச் செய்து காட்டியவர்கள் இவர்கள்.

பாஞ்சாலியின் காடு

மன்னார்க்காட்டுக்கு வடக்கே, நீலகிரியின் மேற்குச் சரிவில், நாலாபுறமும் மலை சூழ்ந்த காடு சைலண்ட்வாலி. பரப்பு 8,952 ஹெக்டேர். நடுவே ஓடுவது குந்திப்புழை. இது தூதப்புழையில் கலந்து, பிறகு பாரதப்புழையோடு சேர்ந்து அரபிக் கடலுக்குப் போகிறது. காட்டின் ஒரு பக்கம் அட்டப்பாடி, இன்னொரு பக்கம் தமிழ்நாட்டின் குந்தா மலைகள்.

உள்ளூரில் இதற்கு சைரந்திரி வனம் என்று பெயர். விராட நகரத்தில் மறைந்து வாழ்ந்தபோது பாஞ்சாலி வைத்துக்கொண்ட பெயர் அது. வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை வாயில் நுழையாமல் சைலண்ட்வாலி ஆக்கினார்கள் என்பது ஒரு கதை. சில்வண்டு சத்தமே கேட்காத காடு என்பதால் 'அமைதிப் பள்ளத்தாக்கு' ஆயிற்று என்பது இன்னொரு கதை. சில்வண்டு அங்கே உண்டு என்பதைப் பிற்பாடு போய்ப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு மலைகள் நெருங்கி, ஆறு ஒடுங்கிப் பாயும் இடம் சைரந்திரி. இங்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1928-லேயே குறித்து வைத்துவிட்டார்கள். பின்னால் கேரள மின்சார வாரியம் முழுத் திட்டம் தயாரித்தது. முதலில் 120 மெகாவாட் மின்சாரம். பிறகு அது 240 ஆகும். பாலக்காடு, மலப்புரம் மாவட்டங்களில் 10,000 ஹெக்டேருக்குப் பாசனம். செலவு அன்றைய மதிப்பில் சுமார் 25 கோடி ரூபாய்.

கேட்கக் கசக்குமா என்ன? மலபார் பக்கம் அப்போது மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு. மாலையானால் பல்பு மின்மினி மாதிரி எரியும். தொழிற்சாலை வரவில்லை, வேலை தேடிப் பிள்ளைகள் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அணை வந்தால் வேலையும் வரும், வெளிச்சமும் வரும் என்று மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

குரங்குக்காகவா இத்தனை?

முதலில் கேள்வி எழுப்பியவர்கள் விலங்கியல் ஆராய்ச்சியாளர்கள். சோலைமந்தி என்றும் சிங்கவால் குரங்கு என்றும் சொல்லப்படும் குரங்கு, உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெளுத்த பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மரத்தை விட்டு அதிகம் இறங்காது. கிளையோடு கிளை தொட்டு நிற்கும் காடு வேண்டும் அதற்கு. வெடிப்பலா மரத்தின் பூவும் காயும் அதற்கு முக்கிய ஆகாரம்.

ஸ்டீவன் கிரீன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-களில் திருநெல்வேலிச் சீமையின் களக்காடு மலைகளில் தங்கி இந்தக் குரங்கை ஆராய்ந்தார். களக்காடு 1976-ல் சரணாலயமானது இந்தக் குரங்குக்காகத்தான். தெற்கே களக்காடு, வடக்கே சைலண்ட்வாலி என்று இது நிம்மதியாக வாழும் காடுகள் சிலவே மிச்சம் இருந்தன.

1976-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் குழு, ஜாபர் புத்தேஹல்லி தலைமையில் ஒரு பணிக்குழுவை அமைத்து ஆராயச் சொன்னது. திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்றது அந்தக் குழு. ஆனால் கட்டியே தீருவது என்றால் இன்னின்ன பாதுகாப்புகள் வேண்டும் என்று ஒரு பட்டியலையும் கூடவே சேர்த்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான். பாதுகாப்பு எல்லாம் செய்கிறோம் என்று சொல்லி மாநில அரசு வேலையைத் தொடர ஏற்பாடு செய்தது.

"மனிதனுக்குக் கரண்ட் வேண்டுமா, குரங்குக்குக் காடு வேண்டுமா?" என்ற கேள்வி கேரளம் முழுவதும் பரவியது. கேள்வி அப்படி இருக்கும்வரை பதிலும் ஒன்றுதான்! விலங்கியலை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் தோல்வி நிச்சயம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஐந்து பேர்

எம்.கே.பிரசாத் கோழிக்கோட்டில் அரசுக் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தில் முக்கியமானவர். இந்தப் பரிஷத் 1962-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது. விஞ்ஞானத்தை மலையாளத்தில் எழுத வேண்டும் என்ற நோக்கத்தோடு ஆரம்பித்த சங்கம். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள்தான் உறுப்பினர்கள்.

பிரசாத்தோடு நான்கு பேர் சேர்ந்தார்கள். எம்.பி.பரமேஸ்வரன், பம்பாய் அணுசக்தி நிலைய உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய எஞ்சினீயர். வி.கே.தாமோதரன், மின்சார எஞ்சினீயரிங் பேராசிரியர். கே.என்.சியாமசுந்தரன் நாயர், விவசாய விஞ்ஞானி. கே.பி.கண்ணன், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த பொருளாதார ஆராய்ச்சியாளர். ஐந்து பேரும் சேர்ந்து 1979-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். காட்டைப் பற்றிய அறிக்கைதான். ஆனால் கிலோவாட்டும் ரூபாயும் வேலைவாய்ப்பும் அதில் சரிக்குச் சமமாக இடம் பிடித்தன. குரங்கா மனிதனா என்ற கேள்வியையே அவர்கள் மாற்றிவிட்டார்கள். 'இந்த அணையால் மலபார் மனிதனுக்கு உண்மையில் கிடைப்பது என்ன?' என்று கேட்டார்கள்.

பத்தில் ஒரு பங்கு

காட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தண்ணீரில் போகாது என்பது அரசு தரப்பு வாதம். கணக்குப்படி உண்மைதான். மூழ்குவது 830 ஹெக்டேர், மொத்தம் 8,952. நூற்றுக்கு ஒன்பதேகால் வருகிறது. ஆனால் எந்த ஒன்பது? ஆற்றங்கரையும் பள்ளத்தாக்கின் அடிவயிறும் அதில்தான் வருகின்றன. வீட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அடுக்களையை இடித்தால் அந்த வீட்டில் யார் குடியிருப்பது?

தவிர, தண்ணீர் ஏறுவது கடைசியில்தான். அதற்கு முன்னே ரோடு போட வேண்டும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் தங்க வேண்டும். அவர்களுக்கு விறகு வேண்டும், கடை கண்ணி வேண்டும். அணைக்கட்டு வேலைக்குப் போய்க் கூடாரத்தில் கிடந்தவர்கள் நம்மவர்களிலும் உண்டு. ஒரு காம்ப் என்றால் சுற்றிலும் என்ன ஆகும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூலமட்டத்தின் ஒரு மெஷின்

மின்சாரக் கணக்கு இன்னும் ருசியானது. 1976 பிப்ரவரியில் இடுக்கித் திட்டத்தைப் பிரதமர் இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். மூலமட்டத்தில் ஒரு மெஷின் கொடுக்கும் மின்சாரம் 130 மெகாவாட். முதலில் மூன்று மெஷின்கள்; 1986-க்குள் ஆறாகி 780 மெகாவாட் ஆயிற்று. சைலண்ட்வாலியின் முதல் கட்டம் 120 மெகாவாட். மூலமட்டத்தின் ஒரு மெஷினுக்கும் குறைவு!

இடுக்கி வந்த பிறகு கேரளத்தில் மின்சாரம் மிஞ்சியது. பக்கத்து மாநிலங்களுக்கு விற்றார்கள். தெற்கே மிஞ்சிய மின்சாரம் வடக்கே மலபாருக்குப் போகாமல் எல்லை தாண்டிப் போனது ஏன்? கொண்டுபோகப் போதுமான கம்பி இல்லை. கம்பியில் வீணாவதைக் குறையுங்கள், மலபாருக்கு நல்ல லைன் இழுங்கள், தேவையானால் மலபாரிலேயே அனல் மின்நிலையம் வையுங்கள் என்றது அறிக்கை. பாசனத்துக்குக் கிணற்று நீரையும் நிலத்தடி நீரையும் பார்க்கச் சொன்னது. வேலைவாய்ப்பைப் பற்றியும் கண்டிப்பாகவே பேசியது: மின்சாரத்தைப் பெருமளவு குடிக்கும் பெரிய ஆலைகள் அதற்கேற்ப ஆட்களுக்கு வேலை கொடுப்பதில்லை.

எதிர்ப்பு

இவ்வளவும் சொன்னவர்களுக்கு மாலை மரியாதையா கிடைத்தது? முன்னேற்றத்தின் எதிரிகள் என்று பேர் வந்தது. பெரும்பாலான அரசியல் தலைவர்கள் கட்சி பேதமில்லாமல் அணையின் பக்கம் நின்றார்கள். மின்சார ஊழியர் சங்கங்களும் அந்தப் பக்கம்தான். பரிஷத்துக்குள்ளேயே எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை.

ஆசிரியர்கள் அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டவில்லை. மலையாளத்தில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் வாசகசாலையிலும் கூட்டம் நடத்தி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். கவிஞர் சுகதகுமாரி போன்ற எழுத்தாளர்கள் காட்டுக்காகக் குரல் கொடுத்தார்கள். பறவை விஞ்ஞானி சலீம் அலியின் குரலும் சேர்ந்தது. வழக்குப் போட்டதில் 1979 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 1980 ஜனவரியில் தடை நீங்கியது.

மத்திய விவசாய இலாகாவில் இருந்த விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன், கும்பகோணத்துக்காரர், 1979-ல் நேரில் போய்ப் பார்த்தார். சைலண்ட்வாலி, புதிய அமரம்பலம், அட்டப்பாடி, தமிழ்நாட்டுக் குந்தா ஆகியவற்றைச் சேர்த்துச் சுமார் 390 சதுர கிலோ மீட்டரை ஒரே பாதுகாப்புக் காடாக்கலாம் என்றார். மாநில எல்லையைக் காடு பார்ப்பதில்லை அல்லவா!

கடைசியில் பௌதிக விஞ்ஞானி எம்.ஜி.கே.மேனன் தலைமையில் மத்திய, மாநிலக் கூட்டுக் குழு அமைந்தது. அதில் மாதவ் காட்கில் ஓர் உறுப்பினர். உயிரினங்களின் பெருக்கத்தைக் கணிதத்தால் ஆராய்ந்து ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். காட்டைக் காப்பதே நல்லது என்று குழு முடிவு சொல்ல, 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15-ல், இந்திரா காந்தி கொலையுண்ட இரண்டு வாரத்தில், முழுப் பகுதியும் தேசியப் பூங்கா ஆயிற்று. 1985 செப்டம்பர் 7-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார்.

அதே 1983-ல் மழை பொய்த்துக் கேரளத்தில் மின்வெட்டு வந்தது. "அணை கட்டியிருந்தால்..." என்று பேசியவர்கள் உண்டு. மழை இல்லாத வருஷத்தில் சைரந்திரி அணை மட்டும் நிரம்பியிருக்குமா என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. ஒன்று மட்டும் உண்மை. அன்று மின்சாரம் விற்ற கேரளம், இன்று தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து விலைக்கு வாங்குகிறது. மிச்சம் இருக்கிறது என்று அன்று போட்ட கணக்கு அந்தக் காலத்துக்கு மட்டுமே சரி. ஐவரின் அறிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இடுக்கியில் நடந்தது வேறு

அதே காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் ஆராய்ந்த குழு, 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. மூணாறு இருக்கும் தேவிகுளம் தாலுகாவும் மிக எச்சரிக்கையாகக் காக்க வேண்டிய பகுதி என்றது. அறிக்கை மாதக்கணக்கில் டில்லியில் முடங்கிக் கிடந்து, தகவல் உரிமைச் சட்டப்படி போராடிய பிறகே 2012 மே மாதம் வெளியே வந்தது. மக்கள் மொழிகளில் பெயர்த்துக் கிராமசபைகளில் வைத்து முடிவு செய்யுங்கள் என்பது காட்கிலின் கோரிக்கை. அது நடக்கும் முன்பே, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், நிலம் போய்விடும் என்ற பேச்சு மலையேறிவிட்டது. கஸ்தூரிரங்கன் குழு அறிக்கையும் சேர்ந்துகொள்ள, 2013 நவம்பரில் இடுக்கியில் ஹர்த்தாலும் ஆர்ப்பாட்டமும் நடந்தன.

2018 வெள்ளத்துக்குப் பிறகும், 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களில் தூங்கிய நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் மாண்ட பிறகும் அந்த அறிக்கையைப் பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது. மாண்டவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு.

சைலண்ட்வாலியில் ஆசிரியர்கள் வீட்டுக்கு வீடு போனார்கள். இடுக்கியில் அறிக்கைக்கு முன்னால் வதந்தி போனது.

பரிஷத் ஆசிரியர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை. எழுத்தறிவு இயக்கத்தில் இறங்கினார்கள். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. எம்.கே.பிரசாத் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி முதல்வராகவும் கோழிக்கோடு பல்கலைக்கழகத் துணை வேந்தருக்கு அடுத்த பதவியிலும் இருந்து, 2022 ஜனவரியில் கொரோனாவில் காலமானார்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: மன்னார்க்காட்டிலிருந்து அட்டப்பாடி ரோட்டில் முக்காலியில் இறங்க வேண்டும். கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகவும் வரலாம். வனத்துறை அனுமதி முக்காலியில். அங்கிருந்து சைரந்திரிக்குச் சுமார் 23 கிலோ மீட்டர், அனுமதி பெற்ற வண்டியில்தான் போக முடியும். சைரந்திரியில் உயரமான கோபுரம் ஒன்று இருக்கிறது. மேலே ஏறினால் அணைக்குக் குறித்த மலை இடுக்கும், அதன் வழியே பாயும் குந்திப்புழையும் தெரியும்.