தாய்க்காகப் பொய் சொன்ன சிப்பாய்
எதிரி நாட்டில் பிறந்த நாடகம் ஆங்கிலம் பேசிய கதை

மகன் போருக்குப் போய்விட்டான். ஊரில் தாயும் தங்கையும் காத்திருக்கிறார்கள். ஒருநாள் வாசலில் ஒரு சிப்பாய் வந்து நிற்கிறான். வந்தவன் மகன் அல்ல. மகனோடு போரிட்ட நண்பன். கெட்ட செய்தியைச் சொல்ல வந்தவன் அவன். ஆனால், வாய் திறப்பதற்குள் தாய் ஓடி வந்து, "மகனே!" என்று கட்டிக்கொள்கிறாள்.

அந்த இளைஞன் என்ன செய்வான்? "நான் உங்கள் மகன் இல்லை" என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. மகனாகவே அந்த வீட்டில் தங்கிவிடுகிறான். தங்கும் நாள் ஏற ஏற இன்னொரு சங்கடம் முளைக்கிறது. தங்கை என்று அழைக்கவேண்டிய பெண்ணின் மீது அவனுக்குக் காதல் உண்டாகிவிடுகிறது!

பெற்ற தாய்க்கு மகனை அடையாளம் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். நாடக மேடையில் அதைக் கேட்கக்கூடாது. இரவும் பகலும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, வந்து நிற்கிறவன் எவனும் மகனாகத்தான் தோன்றுவான்.

இந்தக் கதையைக் கொண்ட ஹங்கேரிய இசை நாடகத்துக்கு "அஸ் ஓப்ஷிதோஷ்" என்று பெயர். படையிலிருந்து விடுப்புச் சீட்டுப் பெற்றுத் திரும்பும் பழைய சிப்பாய் என்பது அதன் பொருள். 1910-ம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் முதன்முதலாக மேடையேறியது. எட்டே ஆண்டுகளில் அது பல நாடுகளைச் சுற்றியது, பல பெயர்களைச் சூடியது, பாஷை மாறியது. கடைசியில் கட்சியும் மாறியது!

ஆப்பரெட்டா என்றால் என்ன?

மேல்நாட்டு "ஆப்பரா"வில் வசனமும் பெரும்பாலும் பாட்டாகவே இருக்கும். அதன் தங்கைதான் "ஆப்பரெட்டா". இதில் பாட்டு உண்டு, பேச்சும் உண்டு. நடனம், சிரிப்பு, காதல் எல்லாம் உண்டு. சங்கீத ஞானம் இல்லாதவர்களும் குடும்பத்தோடு போய்ப் பார்த்து மகிழலாம்.

கதையை எழுதியவர் காரோய் பாகோனி. இசை அமைத்தவர் இம்ரே கால்மான். பாலட்டோன் ஏரிக் கரையில் உள்ள ஷியோபோக் என்ற ஊரில் 1882-ல் பிறந்தவர். தானிய வியாபாரியின் மகன். பியானோ வித்வான் ஆகவேண்டும் என்பதே கால்மானின் ஆசை. கையில் வந்த நோய் அதைக் கெடுத்தது. புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் அவரோடு பயின்றவர்கள் பார்டோக், கோடாய் என்ற மேதைகள். அவர்கள் கிராமத்துப் பாட்டுகளைத் தேடிப் போனார்கள். கால்மான் நாடகக் கொட்டகையைத் தேடிப் போனார்.

தங்கம் கொடுத்து இரும்பு வாங்கினார்கள்

1914 ஜூலை கடைசியில் முதல் உலகப் போர் மூண்டது. ஆஸ்திரியா-ஹங்கேரி அப்போது ஒரே சக்கரவர்த்தியின் கீழ் இருந்த நாடு. போர்ச் செலவுக்காக மக்கள் தங்க நகைகளைக் கொடுத்தார்கள். கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த பெண்களுக்குப் பதிலாக ஓர் இரும்பு மோதிரம் கிடைத்தது. "இரும்புக்காகத் தங்கம் தந்தேன்" என்று அதில் பொறித்திருந்தது. அந்த மோதிரத்தை அணிவதைப் பெருமையாக நினைத்தார்கள்.

வியன்னா நகரத்து விக்டர் லெயோன் கைதேர்ந்த நாடக ஆசிரியர். கால்மானின் சிப்பாய் நாடகத்தை எடுத்தார். கதையை அப்போது நடந்துகொண்டிருந்த போருக்கே கொண்டுவந்து நிறுத்தினார். மோதிரத்தில் இருந்த வாசகத்தையே நாடகத்துக்குப் பெயராக வைத்தார். போர் தொடங்கி மூன்று மாதம் முடிவதற்குள், 1914 அக்டோபரில், "இரும்புக்காகத் தங்கம் தந்தேன்" வியன்னாவில் மேடையேறிவிட்டது.

கொட்டகையில் இருந்த தாய்மார்கள் அதைக் கதையாகவா பார்த்திருப்பார்கள்?

கடல் தாண்டியது

இனிமேல்தான் வேடிக்கை. நியூயார்க் நகரத்தின் பெரிய நாடக முதலாளிகள் ஷூபர்ட் சகோதரர்கள். ஐரோப்பாவில் வெற்றி பெற்ற நாடகங்களை வாங்கி, அமெரிக்கர்களுக்கு ஏற்றபடி மாற்றிப் போடுவது அவர்கள் வழக்கம். இந்த நாடகமும் அவர்கள் கைக்கு வந்தது. ரைடா ஜான்சன் யங் என்ற பெண் எழுத்தாளர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். "ஹெர் சோல்ஜர் பாய்", அதாவது "அவளுடைய சிப்பாய்ப் பிள்ளை", என்று பெயர் வைத்தார்கள்.

புதிய பாட்டுகள் வேண்டுமே! அதற்கு ஷூபர்ட்டிடம் சம்பளத்துக்கு ஒருவர் இருந்தார்: சிக்மண்ட் ரோம்பர்க். அவரும் ஹங்கேரியில் பிறந்தவரே! பிழைப்புத் தேடி 1909-ல் நியூயார்க் வந்தார். முதலில் பென்சில் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு உணவு விடுதிகளில் பியானோ வாசித்தார். இப்போது தம் நாட்டுக்காரர் போட்ட மெட்டுகளுக்குப் பக்கத்திலேயே தம் மெட்டுகளைச் சேர்த்தார்.

ஆஸ்திரியச் சிப்பாயை அமெரிக்க மேடையில் கதாநாயகன் ஆக்கினால் எடுபடுமா? அமெரிக்கா அப்போது போரில் இல்லை. ஆனாலும் ஜெர்மானியரிடம் சிக்கிய சின்னஞ்சிறு பெல்ஜியத்தின் மீது அங்கே பலருக்கு இரக்கம் இருந்தது. ஆகவே கதாநாயகன் பெல்ஜியச் சிப்பாய் ஆனான். தாயும் தங்கையும் பெல்ஜியக் குடும்பம் ஆனார்கள்.

1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மீது போர் தொடுத்த நாடுகளில் ஆஸ்திரியா-ஹங்கேரியும் ஒன்று. ஆஸ்திரியாவின் போர் உற்சாகத்துக்கு உதவிய நாடகம், இரண்டே ஆண்டில் அதன் எதிரிக்காகக் கண்ணீர் விட்டது! தாயின் துக்கத்தில் ஒரு சொல்லையும் மாற்றவேண்டிய தேவை இருந்திருக்காது. சட்டையின் நிறத்தை மாற்றினால் போதும்.

1916 டிசம்பர் 6-ம் தேதி ஆஸ்டர் தியேட்டரில் நாடகம் ஆரம்பமாயிற்று. எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு பாட்டு வந்து எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. அதன் மெட்டு கால்மானுடையது அல்ல, ரோம்பர்க்குடையதும் அல்ல. பவல் சகோதரர்கள் இருவர் 1915-ல் லண்டனில் வெளியிட்ட "பேக் அப் யுவர் டிரபிள்ஸ்" என்ற நடைப்பாட்டு. அடில் ரோலண்ட் என்ற நடிகை அதைப் பாடினார். ஹங்கேரி நாடகத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பாட்டு!

மாண்டதாக நினைத்த மகன் உயிரோடு திரும்பி வர, அண்ணனாக நடித்தவன் மாப்பிள்ளை ஆக, நாடகம் சுபமாக முடியும். மொத்தம் 198 முறை நடந்தது. நடந்துகொண்டிருந்தபோதே, 1917 ஏப்ரலில், அமெரிக்காவும் போரில் குதித்தது. டிசம்பரில் பார்த்தவர்களுக்கு அது அயலார் வீட்டுத் துக்கம். வசந்த காலத்தில் அவரவர் வீட்டுப் பிள்ளைக்கே அழைப்பு வரும் நிலை.

லண்டனில்

1918 ஜூனில் "சோல்ஜர் பாய்" என்ற பெயரில் லண்டன் அப்பாலோ தியேட்டருக்கு வந்தது. இங்கே கதையைத் திருத்தியவர் துப்பறியும் நாவல்களால் புகழ் பெற்ற எட்கார் வாலஸ்! இசைக்கு ரோம்பர்க்கும் பிரெடெரிக் சாப்பெலும் என்று அறிவித்தார்கள். 372 தடவை நடந்தது. நவம்பரில் போர் ஓய்ந்த பிறகும் நாடகம் தொடர்ந்து நடந்தது. மகன் திரும்பி வரும் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தவர்களில், திரும்பி வராத பிள்ளைகளைப் பெற்றவர்கள் எத்தனை பேரோ!

கால்மான் மற்ற நாடகங்களால் உலகப் புகழ் பெற்றார். 1915-ல் வந்த "சார்தாஷ் இளவரசி" இன்றும் ஐரோப்பாவில் ஆடப்படுகிறது. யூதரான அவர், 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் வெளியேறினார். சூரிச், பாரிஸ் வழியாக 1940-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். ஹங்கேரியில் இருந்த அவருடைய சகோதரிகள் இருவர் யூதப் படுகொலையில் மாண்டார்கள். நியூயார்க்கில் 1945-ல் "மரிங்கா" என்ற ஆங்கில நாடகத்துக்கு அவரே இசை அமைத்தார். 1953-ல் பாரிஸில் காலமானார். உடலை வியன்னாவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.