இரண்டு படம் வேண்டும்

காவலூர் வானாய்வகத்தில் 1988இல் வானியலாளர் ராஜமோகன் குழுவினர் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். கணித மேதை ராமானுஜன் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒற்றைப் படத்தில் குறுங்கோளும் விண்மீன் மாதிரி ஒரு புள்ளிதான். கொஞ்சம் பொறுத்து எடுத்த இன்னொரு படத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் அது நகர்ந்திருப்பது தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கும் இதே கதைதான். திருப்பத்தூர் டவுனில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை 50 வரை கூட்டுகிறது, ஜவ்வாது மலையில் 20 வரைதான் என்றால் உடனே ‘மலைப் பள்ளி மட்டம்’ என்று முடிவுகட்டுகிறோம். டவுன் பிள்ளை யு.கே.ஜி. முடித்து வந்தது. மலைப் பிள்ளையோ வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தது. ஜூனில் எங்கே இருந்தார்கள், மார்ச்சில் எங்கே வந்தார்கள் என்று பார்த்தால் மலை வாத்தியார்தான் அதிக தூரம் கூட்டி வந்திருப்பார், யார் கண்டது!

மதிப்பெண்ணில் தெரியாத வளர்ச்சியும் உண்டு. புளியங்கொட்டையைக் கொடுத்து ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு பிள்ளை இரண்டு குவியலையும் சேர்த்து, ஒன்றிலிருந்து எண்ணும். இன்னொன்று ஏழை மனதில் வைத்துக்கொண்டு ‘எட்டு, ஒன்பது’ என்று விரலை மடக்கும். மூன்றாவது, ஐந்திலிருந்து மூன்றை எடுத்து ஏழைப் பத்தாக்கிவிட்டு, மிச்சம் இரண்டைச் சேர்க்கும். மூவருக்கும் விடை 12, மூவருக்கும் முழு மார்க். ஆனால் 27உம் 15உம் வரும்போது முதல் பிள்ளை திணறிப்போகும்.

வளர்ச்சி ஏன் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது? காரணம் பல. பாட நேரம் அதில் பெரியது. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் ஒரு பணியாளரைக் கூடுதலாகத் தந்து பார்த்தார்கள், கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முந்தினார்கள். எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஒருவர் தலையிலேயே விழுந்தால் எண் சொல்லித்தர நேரம் ஏது?

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறது. நல்ல ஏற்பாடு. பள்ளிகளை ஒப்பிடவும் அந்த நிலை மாற்றத்தையே எடுங்கள் என்பேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும் பிள்ளைகள் மலையில் உண்டு. மார்ச் கணக்கில் அவர்களை விட்டுவிட்டால் பள்ளியின் வளர்ச்சி பொய்யாக உயர்ந்து நிற்கும். ஜூனில் பெயர் இருந்த ஒவ்வொரு பிள்ளையும் மார்ச் பட்டியலில் வந்தாக வேண்டும், வராத பிள்ளை எங்கே என்ற குறிப்போடு.